காட்டை அறிந்தவர்களும் நம் கோயில் மரமும்

(அறவாரியத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் விஞ்ஞானி அல்ல. குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்வெட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த சில செய்திகளையும், நான் செய்த ஒரு தவற்றையும் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

நம் முன்னோர் பிறந்த தமிழ்நாட்டில் 'கோயில் காடு' என்று ஒன்று உண்டு. ஊர் எல்லையில் அய்யனாருக்கோ வேறு காவல் தெய்வத்துக்கோ விடப்பட்ட காடு அது. அங்கே கோடாரி நுழையாது. உதிர்ந்த சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்த ஊர்களும் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டியில் வீரக்கோயிலைச் சேர்ந்த அத்தகைய காடு சுமார் 5 ஹெக்டேர்தான். 2025ஆம் ஆண்டில் தமிழக அரசு அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. சட்டம் நேற்று வந்தது. அதுவரை அந்தக் காட்டைக் காத்து நின்றது ஊராரின் பயபக்தியே.

இனி நாம் வாழும் ஜொகூருக்கு வருவோம். நம் மாநிலத்தின் பெருங்காடு எண்டாவ் ரொம்பின். 1977இல் பகாங் பக்கத்தில் அங்கே மரம் வெட்ட அனுமதி தரப்பட்டபோது நாடெங்கும் எதிர்ப்புக் குரல் எழுந்தது. 1985, 86இல் இயற்கைக் கழகத்தார் அறிஞர்களைத் திரட்டி அக்காட்டை ஆராய்ந்தனர். 1993இல் ஜொகூர்ப் பகுதி, சுமார் 49,000 ஹெக்டேர், தேசியப் பூங்காவாக அரசிதழில் இடம்பெற்றது. அங்குள்ள ஒரு விசிறிப்பனைக்கு, எண்டாவின் பெயரையே சேர்த்து, 1987இல்தான் தாவரவியலார் பெயர் சூட்டினர். உலகுக்கு அது புதிய மரம். அங்கேயே தலைமுறை தலைமுறையாக வாழும் ஜக்குன் பூர்வகுடி மக்களுக்கு அது புதியதாக இருந்திருக்குமா?

சில ஆண்டுகளுக்கு முன் பேரப்பிள்ளைகளோடு பூங்காவின் வாசலிலுள்ள கம்போங் பேத்தாவுக்குச் சென்றேன். வழிகாட்டியாக வந்த ஜக்குன் பெரியவர் ஒரு கொடியைக் காட்டி, இது காடோங் கிழங்கு என்றார். அப்படியே தின்றால் நஞ்சு. மெல்லியதாக நறுக்கி, ஓடும் தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு, நஞ்சு கரைந்த பிறகே சமைக்க வேண்டும். எனக்கு உடனே எங்கள் ஆயா நினைவுக்கு வந்தார். கருணைக்கிழங்கைப் புளி கரைத்து வேகவைத்தால்தான் நாக்கு அரிக்காது என்று சொல்லிக் கொடுத்தவர் அவர். எழுத்தறியாத இருவர், இருவரிடமும் இருந்தது பல தலைமுறை பட்டறிந்த பாடம்.

அன்பர்களே, இந்த அறிவு ஏட்டில் இல்லை. காட்டில் நடந்தால்தான் அது பிள்ளைக்குப் போய்ச் சேரும். காட்டிலிருந்து அம்மக்களைப் பிரித்துவிட்டால் பத்திருபது ஆண்டுகளில் எல்லாம் மறந்துபோகும். கோத்தா திங்கி வட்டாரத்தில் லிங்கியூ அணைக்காக ஜக்குன் மக்களின் பூர்வீக நிலம் எடுக்கப்பட்டது. ஜொகூர் ஆற்றின் நீரைச் சீராக்கும் அணை அது. அடோங் பின் குவாவ் என்பவரும் மற்றவர்களுமாக 52 பேர் வழக்குத் தொடுத்தனர். 1996இல் ஜொகூர் பாரு உயர்நீதிமன்றம் 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பூர்வீக நிலத்தையும் காட்டு விளைபொருளையும் இழந்ததற்கு மட்டுமல்ல, இனி வரும் சந்ததியார் இழக்கப்போவதற்கும் சேர்த்தே நீதிமன்றம் கணக்கிட்டது என்பதை நினைக்கும்போது மெய்சிலிர்க்கிறது. ஆனாலும் மறந்துபோன மூலிகையின் பெயரை எந்தப் பணம் திருப்பித் தரும்?

அவர்கள் நிலையைச் சொல்லிவிட்டு நம் நிலையைச் சொல்லாமல் போனால் அது நியாயமாகாது. காடழித்துத் தோட்டம் போட்டதில் நம் முன்னோரின் வியர்வையும் உண்டு. வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தார்கள். அப்போதும் ஓடையோரத்தில் ஒரு பெரிய மரத்தையும், அதைச் சுற்றிய புதரையும் விட்டுவைத்து முனியாண்டி சாமிக்குச் சூலம் நட்டார்கள். எங்கள் தோட்டத்திலும் அப்படி ஓர் இடம் இருந்தது. பிள்ளைக்குச் சளி என்றாலும், வயிற்றுக் கடுப்பு என்றாலும் ஆயா அந்தப் புதருக்குத்தான் போவார். சாமியைக் கும்பிட்டு, வேண்டிய அளவு மட்டும் பறிப்பார். வேரோடு பிடுங்க விடமாட்டார்.

பிற்காலத்தில் அந்தக் கோயில் திருப்பணிக் குழுவுக்கு நான் செயலாளரானேன். கார் நிறுத்த இடமும் அன்னதானக் கொட்டகையும் வேண்டும் என்றார்கள். மரத்தையும் புதரையும் அகற்றிச் சிமெண்டுத் தளம் போடும் தீர்மானத்தை எழுதிக் கையொப்பமிட்டவன் நான்தான். ஆயா கோபிக்கவில்லை. "சாமிக்கு வெயில் அடிக்குமேப்பா" என்று மட்டும் சொன்னார். அடுத்த ஆண்டே காலமாகிவிட்டார். அவர் பறித்த செடிகளில் இன்று எனக்குப் பெயர் தெரிந்தவை மூன்று: நொச்சி, ஆடாதோடை, கீழாநெல்லி. ஊருக்கெல்லாம் பாடம் சொன்ன நான், வீட்டிலிருந்தவரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காரவில்லை.

ஆகவே நன்கொடையாளர்களாகிய உங்களிடம் இரண்டு விண்ணப்பங்கள். அடுத்த திருப்பணிக்கு வரைபடம் போடும்போது, நிற்கிற மரத்தை முதலில் வரைந்துவிட்டு, பிறகு கட்டடத்தை வரையுங்கள். கோபுரத்துக்கும் கொட்டகைக்கும் உபயம் செய்வதுபோல், கோயில் நிலத்தில் ஒரு மூலையை வில்வம், வேம்பு, நொச்சி என்று மூலிகை நந்தவனமாக்க உபயம் செய்யுங்கள். அங்கே நம் பாட்டிமாரை அமர்த்தி, அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். எழுதியதையெல்லாம் மருந்தென்று விழுங்கிவிட வேண்டாம். அறிந்த வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் எழுதுவதைத் தள்ளிப்போடாதீர்கள். தள்ளிப்போட்டவன் உங்கள் முன் நிற்கிறேன்.

மரத்தடியில் குடிகொண்ட தெய்வம் நம் அனைவரையும் காத்தருளட்டும்.