கரண்ட் வந்த பிறகும் எரிகிற மெழுகுவர்த்தி



2018 நவம்பரில் கஜா புயல் நாகை, தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டபோது, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. இப்போது எல்லார் கையிலும் டார்ச் உள்ள செல்போன் இருக்கிறது. அதற்கும் சார்ஜ் ஏற்றக் கரண்ட் வேண்டுமே! ஆகவே ஐப்பசி, கார்த்திகை வந்தால் அலமாரியில் ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி வாங்கி வைக்கிற பழக்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு ஒரு பேச்சு வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். லண்டனில் மைக்கேல் ஃபாரடே என்ற பெரிய விஞ்ஞானி, 1860ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் தொடங்கி, சிறுவர் சிறுமியருக்காக மெழுகுவர்த்தியைப் பற்றி ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். ஆறும் அந்த ஒரு பொருளைப் பற்றித்தான். இன்று எனக்குக் கிடைத்திருப்பது சில நிமிடங்கள்தான்.

சுடரில் எரிவது பெரும்பாலும் மெழுகின் ஆவி. சூட்டில் மெழுகு உருகுகிறது, திரி அதை உறிஞ்சி மேலே கொண்டுபோகிறது, அங்கே அது ஆவியாகி எரிகிறது. சுடரின் சூட்டால் காற்று கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று மெழுகுவர்த்தியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போவதால் ஓரம் குளிர்ந்து கெட்டியாகவே நிற்கிறது. நடுப்பகுதி மட்டும் உருகுகிறது. இப்படித் தன் எண்ணெய்க்குத் தானே ஓர் அகலைச் செய்துகொள்கிறது மெழுகுவர்த்தி. இந்த அகல் உடையாத வரை ஒழுகாது, புகையாது, சீராக எரியும். சீராக எரிகிற மெழுகுவர்த்திதான் ஆபத்தும் குறைந்தது.

அகலை உடைப்பதில் முதல் குற்றவாளி காற்று. ஜன்னலோரத்தில் வைத்தால் சுடர் ஒரு பக்கம் சாயும், அந்தப் பக்கத்து ஓரம் உருகி வழியும். வழிந்த மெழுகு வீண். ஒரு பக்கம் மட்டும் கரைந்த மெழுகுவர்த்தி நேராக நிற்பதும் சந்தேகம். காற்று வீச்சுக்கு விலகி வையுங்கள். அதற்காக அறையை இறுக மூடிவிட வேண்டாம். சுடருக்கும் நமக்கும் வேண்டிய காற்று ஒன்றுதான். இரண்டு மூன்று ஏற்றுவதாக இருந்தால் சாண் இடைவெளியாவது இருக்கட்டும். நெருக்கி வைத்தால் ஒன்றின் சூட்டில் மற்றொன்று உருகிச் சரியும்.

காற்று என்றதும் எல்லாரும் ஜன்னலைத்தான் நினைப்பார்கள். நான் அதிகம் பயப்படுவது மின்விசிறிக்கு. கரண்ட் போன நேரத்தில் ஃபேன் சுவிட்சை யாரும் அணைப்பதில்லை. இருட்டில் மேஜை மேலே, டிவி பக்கத்திலே, கிடைத்த இடத்தில் மெழுகுவர்த்தியை ஒட்ட வைக்கிறோம். திடீரென்று கரண்ட் வருகிறது. தெரு முழுக்க “ஹோ”வென்று ஒரு சத்தம்! பிள்ளைகள் டிவிக்கு ஓடுகிறார்கள், அம்மா மிக்ஸிக்குப் போகிறார், ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது, திரைச்சீலையும் கொசுவலையும் பறக்கின்றன. பளிச்சென்ற வெளிச்சத்தில் அந்தச் சின்னச் சுடர் யார் கண்ணிலும் படுவதில்லை. கரண்ட் போனதும் முதலில் ஃபேன் சுவிட்சை அணையுங்கள். கரண்ட் வந்ததும் முதலில் மெழுகுவர்த்தியை அணையுங்கள். டிவி எங்கும் ஓடிப்போகாது.

ஒட்ட வைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாலு சொட்டு மெழுகு விட்டு, அதன் மேல் நிறுத்துவது நம் வழக்கம். தரையிலோ எவர்சில்வர் தட்டிலோ என்றால் சரி. பிளாஸ்டிக் ஸ்டூல், டப்பா மூடி, மர அலமாரி இவையெல்லாம் கூடவே கூடாது. ஒரு கிண்ணத்தில் மணலை நிரப்பி அதில் ஊன்றினால் இன்னும் நல்லது. சாய்ந்தாலும் மணலில்தான் விழும். கேஸ் வாடை வருகிறது என்றால் தீப்பெட்டிப் பக்கமே போகாதீர்கள். இருட்டாக இருந்தாலும் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்தது திரி. திரி நீண்டால் மெழுகு ஆவி அதிகமாக வரும், அவ்வளவையும் எரிக்கக் காற்று போதாது, எரியாத கரி புகையாகப் போய்க் கூரையில் அப்பும். சுடரும் ஓங்கி எரியும். பழைய காலத்தில் ஐரோப்பிய வீடுகளில் திரியை அடிக்கடி கத்தரித்துவிடுவதே ஒரு வேலை. அதற்கென்றே தனிக் கத்தரி வைத்திருந்தார்கள். 1820களில் பிரான்சில் கம்பாசெரே என்பவர் நூலைப் பின்னித் திரி செய்தார். பின்னிய திரி எரியும்போது வளைந்து சுடரின் சூடான ஓரத்துக்கு வந்து, தானே சாம்பலாகிவிடும். இன்றைய மெழுகுவர்த்திகள் பெரும்பாலும் அந்த வழியில்தான் எரிகின்றன. இருந்தாலும் மறுமுறை ஏற்றுமுன், ஆறிய திரியைக் கால் அங்குலம் விட்டு நறுக்குங்கள். நறுக்கிய கரித்துண்டை மெழுகிலேயே விடாதீர்கள், அது இன்னொரு திரியாகிவிடும்.

இப்போது பரிசுப் பொருளாகக் கண்ணாடி ஜாடியில் வாசனை மெழுகு வருகிறது. அதை முதல்முறை ஏற்றும்போது மேல்பரப்பு முழுவதும், ஓரம் வரை உருகும்வரை எரிய விட வேண்டும். அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்பது உத்தேசக் கணக்கு. மூன்று அங்குல ஜாடி என்றால் மூன்று மணி நேரம். அரை மணியில் அணைத்தால் நடுவில் மட்டும் குழி விழும். அடுத்த முறையும் அந்தக் குழியிலேயே எரிந்து, ஓரத்து மெழுகெல்லாம் அப்படியே நிற்கும். நிறையக் காசு கொடுத்து வாங்கியது பாதி வீண். அதற்காக ஒரே மூச்சில் நாலு மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம், ஜாடி சூடேறும். அடியில் அரை அங்குலம் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்; சுடர் அடியைத் தொட்டால் கண்ணாடி விரிசல் விடும்.

விளக்கை வாயால் ஊதக் கூடாது என்று பாட்டிமார் சொல்வார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் மெழுகுவர்த்திக்கு அது நல்ல யோசனை. ஊதினால் சூடான மெழுகு தெறிக்கும். ஜாடி என்றால் உலோக மூடியால் மூடுங்கள், சுடர் தானே அடங்கும். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள்: சூடான மெழுகில் விழுந்த தண்ணீர் நொடியில் ஆவியாகி, மெழுகைத் தீயோடு சிதறடிக்கும். மிச்சத் துண்டுகளை உருக்கிப் புதிதாக வார்க்கிறவர்களும் பாத்திரத்தை நேரே அடுப்பில் வைக்க வேண்டாம். கொதிநீரில் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கினால் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சூடான மெழுகு கையில் பட்டுவிட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், மை எதுவும் தடவாதீர்கள், ஒட்டிய மெழுகைப் பிய்க்காதீர்கள். தீ பற்றிவிட்டால் 101, அல்லது 112.

வாங்கி வைப்பதிலும் ஒரு சின்ன விஷயம். அக்னி நட்சத்திர வெயிலில் மெழுகு இளகும். செங்குத்தாக நிறுத்திய மெழுகுவர்த்தி வளைந்துபோகும். வளைந்தது நேராக எரியாது, ஒரு பக்கமாக ஒழுகும். அடுப்படியை விட்டுத் தள்ளி, படுக்கை வசத்தில், தீப்பெட்டியோடு ஒரே இடத்தில் வையுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடமாகவும், இருட்டில் உங்கள் கை தடவிக் கண்டுபிடிக்கிற இடமாகவும் அது இருக்கட்டும்.