குக்கிராமத்துப் பள்ளியும் நமது கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



குக்கிராமத்து ஆசிரியரின் நாளாந்த வாழ்வைப்பற்றிப் பேசும்படி சங்கத்தார் எம்மைப் பணித்தனர். அதிலே பேச என்ன உண்டு என்று முதலில் ஐயுற்றோம். எண்ணிப் பார்க்கையில், இம்மண்டபத்திலுள்ள அனைவரும் கேட்கவேண்டிய செய்தியொன்று அதில் உண்டெனக் கண்டோம்.

திங்கட்கிழமை நாலரை மணிக்குக் கல்முனையில் பஸ் ஏறுவோம். காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று கடந்து திருக்கோவிலில் இறங்கி, மேற்கே காட்டோரம் நோக்கிச் சைக்கிளில் போகவேண்டும். மாரியிலே சேறு, கோடையிலே புழுதி, இரு காலத்திலும் யானை. பாதையில் ஈரம் காயாத யானை இலத்தியைக் கண்டால் இறங்கி நின்றுவிடுவோம். ஆனால் ஏழரைக்குப் பள்ளி மணி அடித்தாக வேண்டும்! வெள்ளிவரை பள்ளியின் அறையொன்றிலேயே வாசம். கிணறு வற்றினால் தாய்மார் பூவல் தோண்டி நீர் அள்ளித் தருவர். இரவிலே புட்டும் குளத்து மீன் குழம்பும் ஏதாவதொரு வீட்டிலிருந்து வந்துவிடும். அந்த அன்பிலே எமக்குக் குறைவில்லை.

குறை வேறிடத்தில் உண்டு. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர். கதிர் முற்றும் நாளிலே கிளி விரட்டவும், அறுவடை நாளிலே தம்பி தங்கையரைப் பார்க்கவும் பிள்ளைகள் நின்றுவிடுவர். தாய் வெளிநாட்டிலே வேலை செய்ய, அம்மம்மாவுடன் வளரும் பிள்ளைகளும் உளர். ஆகையால் மாலை நேரங்களில் வீடுவீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைப்பதும் எமது வேலையாயிற்று.

நாலாம் வகுப்பிலே ஒரு சிறுவன். பாடப் புத்தகத்தின் முதற் பக்கத்தை மணிமணியாக வாசித்தான். மகிழ்ந்தோம். அடுத்த பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அதையும் முதற் பக்கமாகவே வாசித்தான்! எழுத்து ஒன்றும் அறியான்; காதால் கேட்டதை மனனம் செய்திருந்தான். விசாரித்தபோது, ஒரே ஆண்டில் மூன்று ஆசிரியர்கள் வந்து போயினர் என்று அறிந்தோம். ஒவ்வொருவரும் அதே முதற் பாடத்தைத் தொடங்கி, இடமாற்றம் கிடைத்ததும் போய்விட்டனர். அன்று எமது பையிலும் ஓர் இடமாற்ற விண்ணப்பம் இருந்தது.

அவ்வெள்ளிக்கிழமை பஸ்ஸிலே இதனைச் சொன்னோம். பொத்துவிற் பக்கத்துப் பள்ளியொன்றிற் படிப்பிக்கும் மருதமுனை ஆசிரியர் ஒருவர் எம்முடன் பயணம் செய்பவர். நாம் ‘காக்கா’ என்றழைப்போம். அவர் சொன்னார்: “தம்பி, வராத புள்ளையத் தேடிப் புடிக்கலாம், போன வருசத்தத் தேடிப் புடிக்க ஏலா.” அடுத்த திங்களன்று, கைத்தறி நூல் வந்த பெட்டி மட்டையை வெட்டி எழுத்து அட்டைகள் செய்து கொண்டுவந்து தந்தார். அவற்றைக் கொண்டே அச்சிறுவனுக்கு அகரத்திலிருந்து தொடங்கினோம். விண்ணப்பத்தைக் கிழித்தெறிந்தோம் என்று பெருமை பேச வரவில்லை. ஓராண்டு ஒத்திவைத்தோம், அவ்வளவே. அவ்வாண்டு முடிவில் அவன் தாயின் கடிதத்தைத் தானே வாசித்தான்.

நமது அயலூராகிய காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள், பேராசிரியர் பதவிக்குரிய பேரறிவு படைத்தவர். 1931இல் அண்ணாமலையிலும் 1943இல் இலங்கையிலும் அப்பதவியை வகித்தவர். அத்தகையவரே இப்பகுதிப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகளைக் கட்டிக் காத்தார். 1929இல் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1942இற் கல்முனைக்கு அரச அதிகாரியாக வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களும் முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்காக இங்கே ஒரு சங்கம் அமைத்தார். கல்வித் தொண்டுக்குச் சமய வேலி இல்லையென்பதை நமது கரை முன்னரே அறியும்.

ஆதலால் இரு விண்ணப்பங்கள். வாலிபர்களே! நியமனம் பெற்றுக் கஷ்டப் பிரதேசம் செல்வீராயின், தொடங்கிய வகுப்பை ஆண்டிறுதிவரை விட்டு வராதீர்கள். பெரியோர்களே! மகனுக்கோ மகளுக்கோ டவுன் பள்ளி கேட்டுச் சிபாரிசுக் கடிதத்துக்கு அலையுமுன், அங்கே முதற் பக்கத்திலேயே நிற்கும் பிள்ளையைச் சற்றே நினையுங்கள்.