கல்லீரலுக்குள் ஒரு பிரஷர்

சிரோசிஸ் வந்து கல்லீரல் இறுகியவரின் கையில் பட்டை கட்டிப் பார்த்தால், பிரஷர் பெரும்பாலும் குறைவாகவே காட்டும். ஆனால் குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் எகிறியிருக்கும். அதனால் உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய் வெடித்து, ரத்த வாந்திகூட வரலாம்.

இந்த அழுத்தத்துக்கு, கல்லீரலை இறுக்கிய தழும்பு மட்டும் காரணமல்ல. ஏ.சி.இ. என்ற நொதி உண்டாக்கும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோன், கல்லீரலின் நுண்குழாய்களை இறுக்குகிறது. அதன் உடன்பிறப்பான ஏ.சி.இ. 2, அதே ஹார்மோனை வெட்டி, குழாயைத் தளர்த்தும் பொருளாக்குகிறது. நோயுற்ற கல்லீரலில் இரண்டுமே பெருகினாலும், இறுக்கும் கைதான் ஓங்குகிறது.

அப்படியானால் ஏ.சி.இ.யைத் தடுக்கும் பிரஷர் மாத்திரை போதாதா? வயிற்றில் நீர் கோத்தவருக்கு அது சிறுநீரகத்தையே பழுதாக்கிவிடலாம். பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்காதீர்கள். கல்லீரல் நோய் இருப்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.