போதும் என்று சொல்லத் தெரிந்தவர்





‘ஷுக்ர்’ என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். நான் ஆலிம் அல்ல. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு அத்தாவின் மளிகைக் கடைக்கு வந்தவன். ஆகவே கடையில் கற்றதைச் சொல்கிறேன்.

எங்கள் கடையின் பின்வாசலுக்குச் சீன மூதாட்டி ஒருவர் வருவார். ஆண்ட்டி என்றுதான் கூப்பிடுவோம். எழுபதைத் தாண்டியவர். காலி அட்டைப்பெட்டிகளைத் தள்ளுவண்டியில் சேர்த்து எடைக்குப் போடுகிறார். கிலோவுக்குச் சில காசுகள்தான். காலை முழுவதும் தள்ளினாலும் சில வெள்ளிக்கு மேல் தேறாது. அவருக்குத் தமிழ் தெரியாது; எனக்குச் சீனம் தெரியாது. எங்களுக்குள் பாசார் மலாய்தான்.

ஒரு நோன்பு மாதம். பெருநாள் சரக்கு இறங்கியதில் பெட்டிகள் மலைபோல் குவிந்து கிடந்தன. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் பாதியைக் கட்டினார். மீதியைச் சுவரோரம் அடுக்கி வைத்துவிட்டு, “சுக்குப்” என்றார். போதும் என்று பொருள். பின்னால் வரும் இன்னொரு முதியவருக்கும் வேண்டுமாம். அந்த முதியவர் இவருக்கு உறவுமில்லை, நட்புமில்லை. தொழிலில் போட்டியாளர்!

வியாபாரச் சகோதரர்களே, பக்கத்துக் கடைக்காரரும் பிழைக்கட்டும் என்று பாதி வாடிக்கையை நாம் விட்டு வைப்போமா?

அந்தப் பெருநாளுக்கு ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்று கொடுத்தேன். இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அடுத்து வந்த சீனப் புத்தாண்டுக்கு, அவர்கள் வழக்கப்படி ஜோடியாக, இரண்டு மாண்டரின் ஆரஞ்சுகளுடன் வந்து நின்றார். வாங்கும்போது அவருக்குக் கூச்சமில்லை, கொடுக்கும்போது கணக்கில்லை. இரண்டையும் ஒருவரிடம் சேர்த்துப் பார்ப்பது அரிது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாதவர்கள் இருப்பதோடு அடங்கிக் கிடக்கட்டும் என்பதற்காக இதைக் கூறவில்லை. அந்த வயதில் ஒருவர் வண்டி தள்ள வேண்டியிருப்பது நாம் எல்லோரும் கவலைப்பட வேண்டிய விஷயம். போதும் என்ற பாடம் இருக்கிற நமக்குத்தான். உண்மையான செல்வம் பொருளின் நிறைவில் இல்லை, மனத்தின் நிறைவில் இருக்கிறது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தது. சிறு வயதிலிருந்து கேட்டுவந்த அந்தப் போதனையை, அட்டைப்பெட்டி கட்டும் கைகளில் நான் கண்ணால் பார்த்தேன்.

நம் முன்னோரும் அதிகம் இல்லாமல் வந்தவர்களே. தெலுக் ஆயர் தெரு ஒரு காலத்தில் கடற்கரை. பாய்மரக் கப்பலில் வந்திறங்கிய நம்மவர்கள் 1828க்கும் 1830க்கும் இடையே அங்கே நாகூர் தர்காவைக் கட்டினார்கள். அதே தெருவில், கடலைத் தாண்டிப் பத்திரமாய் வந்ததற்கு நன்றியாகச் சீனர்கள் 1839இல் தியான் ஹொக் கெங் கோவிலைக் கட்டத் தொடங்கினார்கள். வசதி வந்த பிறகு நன்றி சொல்லலாம் என்று யாரும் காத்திருக்கவில்லை. கரை சேர்ந்ததே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. கூலி வேலை பார்த்தவர்களும் கடைச் சிப்பந்திகளும் தங்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொடுத்த சந்தாவில்தான் இது போன்ற சங்கங்களும் எழுந்தன.

நாவால் அல்ஹம்துலில்லாஹ் சொல்வது ஷுக்ரின் தொடக்கம். வேலையாளின் சம்பளத்தை நாள் தவறாமல் கொடுப்பதும் ஷுக்ர்தான். சின்ன வியாபாரியிடம் பத்துக் காசுக்குப் பேரம் பேசாமல் இருப்பதும், ஸகாத்தைக் கணக்குப் பார்த்து நேரத்தில் கொடுப்பதும் ஷுக்ர்தான். இளைஞர்களே, உழையுங்கள், கடையைப் பெருக்குங்கள். ஆனால் இரவு கல்லாவை எண்ணி முடித்ததும், இன்றைக்கு இது போதும் என்று ஒருமுறை சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துங்கள். வீட்டுக்கு நிம்மதியாகப் போகலாம்.

கொடுத்ததைக் கண்டு மகிழும் உள்ளத்தையும், பிறருக்கு மிச்சம் வைக்கும் கையையும் நம் அனைவருக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.