முதல் இசைத்தட்டும் மூத்தோர் அளவுகோலும்



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் நடைபெற்றால், அதன் மேசைக்கு முதல் தொகுதிகள் பல வந்து சேர்ந்திருக்கும். அவற்றை எழுதியவர் பெரும்பாலும் அறிமுகமானவர். அடுத்த கூட்டத்தில் அருகில் வந்து அமரக்கூடியவர். அத்தகையவரின் முதல் படைப்பை எவ்வாறு மதிப்பிடுவது என்பது சிறிய வட்டங்கள் அனைத்திற்கும் பொதுவான இடர்ப்பாடு. கவிதையிலிருந்தே சான்று காட்டினால் மனத்தாங்கல்கள் குறுக்கிடும். ஆதலின் தொலைவிலுள்ள ஒரு நகரமும், கவிஞர் பலருக்குச் செவிப்பழக்கமில்லாத தீவிர மெட்டல் இசையும் இவ்வுரைக்குப் பொருளாகின்றன.

அந்நகரம் பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத் தலைநகரான பெலோ ஹொரிசாண்டே. 1964இல் தொடங்கிய இராணுவ ஆட்சி முடிவுற்ற 1985ஆம் ஆண்டில், அங்கிருந்த இசைத்தட்டுக் கடையொன்று வெளியீட்டு நிறுவனமாகவும் மாறியது. கோகுமெலோ என்பது அதன் பெயர்; போர்த்துக்கீசிய மொழியில் காளான் என்று பொருள். அவ்வாண்டின் இறுதியில் அது வெளியிட்ட இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஓவர்டோஸ் என்ற குழுவும், மறுபக்கத்தில் செபுல்துரா என்ற குழுவும் இடம்பெற்றன. பின்னவரின் பகுதிக்கு ‘பெஸ்டியல் டெவஸ்டேஷன்’ என்று பெயர். அதுவே அக்குழுவின் முதல் பதிவு. இரண்டு நாட்களில் அது பதிவு செய்யப்பட்டது. அப்போது பாடகரும் கிதார் கலைஞருமான மாக்ஸ் கவலேராவுக்கு வயது 16. டிரம் வாசித்த தம்பி இகோருக்கு 15 நிரம்பவில்லை.

இத்தட்டை அன்று கையிலெடுத்த உள்ளூர்த் திறனாய்வாளர் ஒருவரைக் கற்பனை செய்து பார்க்கலாம். அவர் செவி பண்பட்டதாகவே இருந்திருக்கும். கவலேரா சகோதரர்கள் பழகித் திரிந்த சாந்தா தெரேசா என்னும் அதே குடியிருப்புப் பகுதியில்தான், மில்டன் நாசிமெண்டோ, லோ போர்ஜெஸ் ஆகியோரின் ‘குளூபே தா எஸ்கினா’ இயக்கம் முளைத்தது. 1972இல் அப்பெயரிலேயே வெளிவந்த இரட்டை இசைத்தட்டு, சுர இணைவின் நுட்பத்திற்காக இன்றும் போற்றப்படுகிறது. அந்த அளவுகோலைக் கொண்டு அளந்தால் செபுல்துராவின் பக்கம் ஒரு நிமிடங்கூட நிற்காது. கிதார்கள் செம்மையாகச் சுருதி சேரவில்லை. பாட்டு உறுமலாகவே ஒலிக்கிறது. தாளம் சிற்சில இடங்களில் ஓடிப்போய்த் திரும்புகிறது. தட்டைத் திருப்பிப் போட்டால் ஓவர்டோஸ் குழுவின் வாசிப்பு அதனினும் ஒழுங்காக ஒலிக்கிறது. கையின் தேர்ச்சி ஒன்றையே பார்ப்பவர் இரண்டாவதற்கே பரிசு வழங்கியிருப்பார்.

இது முதல் தவறு. இதற்கு எதிரான தவறு பரிவினால் வருவது. சிறுவர்கள், ஏழ்மையான கருவிகள், இரண்டே நாட்கள் என்று காரணங்களை அடுக்கி முதுகில் தட்டிக்கொடுப்பது அது. கேட்பவர் செவிக்குள் நுழைவது இசை மட்டுமே. அதன் பின்னாலுள்ள வறுமை நுழைவதில்லை. பரிவு தீர்ப்பாக முடியாது. மேலும் அப்பரிவில் ஓர் அவமதிப்பும் மறைந்திருக்கிறது. இவரிடம் இதற்குமேல் எதிர்பார்க்க இயலாது என்பதே அதன் உட்பொருள்.

மூன்றாவது தவறு மிகவும் நயமானது. செபுல்துரா பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றது. ஆதலின் முதல் தட்டிலேயே மேதைமை தெரிந்தது என்பது அவ்வாதம். புகழைக் கொண்டு தரத்தை அளந்தால், அதே நகரின் சர்கோஃபாகோ குழுவை என்ன செய்வது? 1987இல் வெளிவந்த அவர்களின் முதல் முழுத்தட்டு பெரும் சந்தையைக் காணவில்லை. ஆயினும் நார்வேயின் பிளாக் மெட்டல் இசைஞர்கள் அதைத் தம் முன்னோடிகளுள் ஒன்றாகக் கொண்டனர்.

அங்ஙனமாயின் தட்டை எதனால் அளப்பது? அதில் எது சொந்தம், எது கடன் என்று பிரித்துக் கேட்பதே வழி. செபுல்துராவின் பாடல்களில் சாத்தானும் சாவும் நிறைந்திருக்கின்றன. இவை வெனம் போன்ற ஐரோப்பியக் குழுக்களிடமிருந்து பெற்றவை. அவற்றைப் பாடிய ஆங்கிலமோ இளைஞர்களுக்கு அரைகுறையாகவே தெரிந்த மொழி. ஓவர்டோஸ் தன் பகுதிக்கு ‘இருபதாம் நூற்றாண்டு’ என்று பொருள்படும் போர்த்துக்கீசியத் தலைப்பை இட்டிருக்க, செபுல்துராவின் சொற்களில் பெலோ ஹொரிசாண்டேயின் ஒரு தெருவும் இல்லை. தட்டின் உண்மையான குறை இதுவே. சுருதிப் பிசகு அன்று. சொந்தமானது எது எனில், டிரம்மும் கிதாரும் ஒன்றையொன்று துரத்தும் அவசரம். அந்த விரைவு எவரையும் பார்த்து எழுதியதாக ஒலிக்கவில்லை. இத்தனையையும் 1985இலேயே, எதிர்காலத்தை அறியாமலே, செவி ஒன்றைக்கொண்டே சொல்லியிருக்க முடியும்.

பின்னர் நடந்தவை இம்மதிப்பீட்டோடு ஒத்துப்போகின்றன. 1993இல் வெளிவந்த ‘கேயாஸ் ஏ.டி.’ தட்டில், முந்தைய ஆண்டு சாவோ பாவ்லோவின் கரண்டிரு சிறையில் 111 கைதிகள் கொல்லப்பட்ட நிகழ்வு பாடுபொருளாயிற்று. 1996இன் ‘ரூட்ஸ்’ தட்டுக்காகக் குழுவினர் ஷவாந்தே பழங்குடியினரிடம் சென்று அவர்களுடன் இணைந்து ஒலிப்பதிவு செய்தனர். கடன் வாங்கிய நரகம் போய், கண்ணால் கண்ட நரகம் பாட்டில் வந்தது.

செபுல்துராவிலிருந்து விலகிவிட்ட சகோதரர் இருவரும், 2023இல் அந்த முதல் தட்டை மீண்டும் பதிவு செய்து வெளியிட்டனர். ஐம்பதைக் கடந்த கைகள் பழைய பிசகுகளை நீக்கின. பாடல்கள் உடைந்து விழவில்லை. பிசகே அழகு என்று வாதிட்டோருக்கு இது ஒரு விடை. அதே வேளையில் பழைய பதிவின் பதற்றத்தைத் தேர்ந்த கை மீட்டுத்தரவும் இல்லை. அது பிழையிலிருந்து பிறந்ததன்று. இந்தத் தட்டைத் தவிர வேறொன்றும் தமக்கில்லை என்று எண்ணிய வயதிலிருந்து பிறந்தது.

சிறிய வட்டத்தின் திறனாய்வாளர் படைப்பாளிக்கு அண்டை வீட்டுக்காரர். உலகம் பின்னர் என்ன சொல்லும் என்பது அவர் கையில் இல்லை. ‘இந்த வரி உம்முடையது, இந்த வரி பிறருடையது’ என்று முகத்துக்கு நேரே, பகையின்றிச் சொல்வது அவர் கையில் இருக்கிறது. அதைக் கேட்ட இளங்கவிஞர் அடுத்த கூட்டத்திற்கு வராமற்போகவும் கூடும். அந்த இழப்புக்கு அஞ்சியே பல வட்டங்கள் பாராட்டுரைகளால் பத்தாண்டுகளை நிரப்பிவிடுகின்றன. மேசையில் காத்திருக்கும் முதல் தொகுதிகளுக்கு அப்பாராட்டுரைகள் போதுமா என்பதை இந்த ஆண்டு நிறைவிலாவது வட்டம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.