பதின்மூன்று கட்டைத் தொலைவு: நெடுந்தொலைவு ஓட்டமும் நம் சொற்களும்



மொழியியல் பேச அழைக்கப்பெற்றவர் ஓட்டத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஆயினும் இவ்விரண்டும் எங்கள் வாழ்வில் ஒன்றாகவே கலந்தன. 'எங்கள்' என்று சொல்வது அவையடக்கத்திற்காக அன்று. நாங்கள் நால்வர். நால்வரும் ஜாசின் வட்டாரத் தோட்டங்களில் பிறந்தவர்கள். இருவர் ஆசிரியர், ஒருவர் எழுத்தர், ஒருவர் மொழியியல் பயின்றவர். ஐம்பத்தைந்தைக் கடந்தபின் ஓடத் தொடங்கி, மூன்றாண்டுகளுக்குப் பின் மலாக்கா நகரில் ஓர் அரை மராத்தானை ஓடி முடித்தோம். அவ்வோட்டம் எங்களுக்குக் கற்பித்த மொழிப்பாடத்தையே இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

தொலைவும் அளவும்

முழு மராத்தான் 42.195 கிலோமீட்டர். 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பெற்ற அத்தொலைவு 1921இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. அதில் சரிபாதி 21.0975 கிலோமீட்டர், மைல் கணக்கில் பதின்மூன்றுக்குச் சற்று மேல். தோட்டத்தில் வாழும் அத்தை ஒருவரிடம் இதனைச் சொன்னபோது, அவர் கிலோமீட்டரைப் பொருட்படுத்தவில்லை. "எத்தனை கட்டை?" என்றுதான் கேட்டார். "பதிமூணு கட்டை, அத்தை" என்றதும் வாயில் கைவைத்தார்.

'கட்டை' என்னும் இச்சொல்லைச் சற்று நோக்குக. சாலையோரம் நடப்பட்ட அடையாளத்தின் பெயர் தொலைவின் பெயராயிற்று. மலாய்மொழியிலும் 'பத்து' என்பது கல்லையும் குறிக்கும், மைலையும் குறிக்கும். தமிழ்நாட்டில் 'கல்' என்பதும் அவ்வாறே மைலைக் குறித்தது. நடந்து அளந்த மக்களின் சொற்கள் இவை. வண்டியில் செல்வோர்க்குத் தொலைவு ஓர் எண். நடப்போர்க்கு அது கண்ணால் காணும் ஒரு கல்.

அத்தையின் அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது. "யாரு தொரத்துறா? பஸ்ஸு கிஸ்ஸு போயிருச்சா? எதுக்கப்பா ஓடணும்?" நாங்கள் சிரித்தோம். பின்னர் எண்ணிப் பார்த்தபோது, அது சிறந்த பொருண்மையியல் வினா என்று தோன்றிற்று. ஆறு ஓடும், காலம் ஓடும், கடிகாரம் ஓடும், படமும் ஓடும். மனிதன் ஓடினால் மட்டும் நம் மொழி காரணம் கேட்கும். புறமுதுகிட்டு ஓடுதல், ஊரைவிட்டு ஓடிப்போதல், பிழைப்புக்காக ஓடுதல் என ஏதோ ஒன்று துரத்தவேண்டும், அல்லது ஏதோ ஒன்று முன்னே இருக்கவேண்டும். உடல்நலத்திற்காக ஓடுதல் என்பது நம் வழக்கிற்குப் புதிது.

விடியலுக்கு முன்

புதிது என்றோம், எனினும் உடலுழைப்பு நமக்குப் புதிதன்று. 1896ஆம் ஆண்டு ஏதென்சில் முதல் ஒலிம்பிக் மராத்தான் ஓடப்பெற்றது. அதே ஆண்டில்தான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்பார் மலாயாவில் முதன்முறையாக வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் அந்த ரப்பர் பின்னாளில் ஓட்டக்காரரின் காலணிக்கு அடிப்பாகமாயிற்று. அதனைச் சீவி எடுத்த நம் முன்னோருள் பலர் வெறுங்காலோடு நடந்தனர்.

விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு நிற்பர். உளியும் காண்டா வாளியுமாக நிரைக்குச் செல்வர். நானூறு, ஐந்நூறு மரங்களை ஒவ்வொன்றாக அணுகிச் சீவுவர். பின்னர் அதே மரங்களுக்கு மீண்டும் சென்று மங்குகளிலிருந்து பாலை எடுப்பர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். ஆதலின் இருளிலேயே வேலை தொடங்கும். பால் 'ஓடுகிறது' என்றே அவர்கள் சொன்னார்கள், ஓடியவர்களோ அவர்களே.

இன்று நம் நாட்டில் நெடுந்தொலைவு ஓட்டங்களும் விடியலுக்கு முன்னரே தொடங்குகின்றன. காரணம் அதுவே: வெயிலும் புழுக்கமும். பண்டார் ஹிலிரில் இருளில் தொடக்கக் கோட்டின்முன் நின்றபோது, எங்களுள் ஒருவர் மெல்லச் சொன்னார்: "பெரட்டுக்கு நிக்கிற மாதிரி இருக்கு." அதற்குமேல் சற்று நேரம் எவரும் பேசவில்லை. நால்வரின் பெற்றோரும் அவ்வாறு நின்றவர்களே.

இன்று பல தோட்டங்களில் கித்தா மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. மக்கள் நகர்ப்புற அடுக்கு வீடுகளுக்குப் பெயர்ந்தனர். உழைப்பு போயிற்று, உணவு அப்படியே நின்றது. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அவ்விகிதம் மற்ற பெரும் இனங்களைக் காட்டிலும் மிகுதி. 'இனிப்பு நீர்' என்று நம் மக்கள் அதற்கு இட்ட பெயர் இனியது, நோய் இனியதன்று. எங்கள் நால்வருள் இருவர்க்கு அது இருந்தது. அத்தையின் வினாவுக்கு விடை அதுதான்: துரத்தியது அந்நோயே.

மூச்சும் தொடரும்

ஓட்டப் பயிற்சியாளர் கூறும் எளிய விதி ஒன்று உண்டு. ஓடும்போது உரையாட முடிந்தால் வேகம் அளவானது, முடியாவிட்டால் மிகையானது. நாம் பேசுவது வெளிவிடும் மூச்சில். ஓட்டம் கடுமையானால் உடல் அம்மூச்சைப் பேச்சுக்குத் தர மறுக்கும்.

தமிழர்க்கு இத்தேர்வு சற்றுக் கடினம் என்பதை ஓடியே அறிந்தோம். நம் தொடரில் பயனிலை இறுதியில் நிற்பது. எழுவாய் வரும், செயப்படுபொருள் வரும், அடைகள் வரும். வினைமுற்று வருமுன் மூச்சு முடிந்துவிடும். "நேத்து நம்ம வீட்டுக்கு வந்த அந்த மாப்பிள்ளை வீட்டார்…" என்று தொடங்கிய நண்பர், அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்ல இரண்டு கிலோமீட்டர் ஆயிற்று. அதன்பின் எங்கள் விதி இதுவாயிற்று: வினைமுற்று வரும் வேகத்தில் ஓடுக.

பயிற்சியில் வேறு புதுமை இல்லை. முதல் மூன்று மாதம் நடை மட்டுமே. பின்னர் ஐந்து கிலோமீட்டர். வாரத்திற்கு ஒருமுறை சற்று நீண்ட தொலைவு. கூட்டுவதைச் சிறிது சிறிதாகக் கூட்டுதல். மருத்துவரைக் கேட்டுச் செய்தல். 1972ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே, சிறிது ஓடிச் சிறிது நடக்கும் முறையைப் பரப்பினார். அதற்குத் தமிழில் என்ன பெயரிடலாம் என்று நாங்கள் ஆராயத் தொடங்கினோம். ஆராய்ச்சி தேவைப்படவில்லை. 'ஓட்டமும் நடையுமாக' என்னும் தொடர் நம் பாட்டிமார் வாயில் முன்னரே இருந்தது.

இவ்வாறே உடலின் சொற்கள் ஒவ்வொன்றாக விழித்தன. கெண்டைக்கால், குதிகால், குரக்குவலி, மேல்மூச்சு கீழ்மூச்சு, மரத்துப்போதல் என்பன அகராதியிலிருந்து காலுக்கு இறங்கின. 'ஆறு' என்னும் வினையின் அருமையும் அப்போதுதான் விளங்கிற்று. சூடு ஆறும், புண் ஆறும், சினம் ஆறும். களைத்தவர் இளைப்பாறுவர். மலேசியத் தமிழரோ காலை உணவை உண்பதில்லை, பசியாறுகின்றனர். ஓடி முடித்துத் தணியும் அந்தப் பத்து நிமிட நடைக்கு 'இளைப்பாறல்' என்பதைவிடப் பொருத்தமான சொல் எம்மொழியில் உண்டு?

'மராத்தான்' என்பதைப் பெயர்க்கவேண்டுமா என மாணவர் கேட்பதுண்டு. அது கிரேக்க நாட்டின் ஊர்ப்பெயர். அப்படியே வழங்கலாம், நெடுந்தொலைவு ஓட்டம் எனவும் சொல்லலாம். மலாயின் 'கெத்தா'வைக் 'கித்தா' ஆக்கி வீட்டுச் சொல்லாக்கிய மக்கள் நாம். தமிழ்நாட்டார் 'தொடரோட்டம்' என்பதை நம் பள்ளிகள் 'அஞ்சலோட்டம்' என்கின்றன. இரண்டும் தமிழே. சொல் எங்கிருந்து வந்தது என்பதினும், அதனை வழங்கும் தொழில் உயிரோடு உள்ளதா என்பதே பெரிய வினா.

பதினாறாம் கிலோமீட்டர்

ஆற்றோரம் கடந்து, கிளேபாங் கடற்கரைச் சாலை சென்று மீண்டோம். கதிரவன் எழுந்துவிட்டான். பதினாறாம் கிலோமீட்டரில் எங்களுள் மூத்தவர்க்குக் கெண்டைக்காலில் குரக்கு ஏறிற்று. சாலையோரம் அமர்ந்துவிட்டார். "நீங்க போங்க, நான் வந்துக்கிறேன்" என்றார். மூன்றரை மணிநேர வரம்பில் எஞ்சியிருந்தது சிறிதே.

அப்போது கல்லூரி மாணவி ஒருத்தி நின்றாள். முன்பின் அறியாதவள். அவர் காலை நீட்டிப் பாதத்தை மெல்ல மேல்நோக்கி மடக்கிப் பிடித்தாள், வலி தணிந்தது. பின்னர், "எழுந்திருங்க ஐயா, நாம ஓட்டமும் நடையுமா போயிடலாம்" என்றாள்.

'நாம்' என்றாள். கேட்போரையும் உள்ளடக்கும் பன்மை அது. கேட்போரை விலக்கும் 'நாங்கள்' வேறு. மலாய்மொழியும் 'கீத்தா', 'காமி' என இவ்வேறுபாட்டைக் காக்கிறது. ஆங்கிலத்தில் அது இல்லை. முப்பதாண்டு வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் கற்பித்த அவ்வேறுபாட்டின் பொருள், சாலையோரத்தில் அமர்ந்திருந்த அக்கணத்தில்தான் முழுதாக எட்டியது. ஐவராகச் சென்றோம். எல்லைக் கோட்டைக் கடந்தபோது மூன்று மணி இருபத்திரண்டு நிமிடம். அவள் தனியே ஓடியிருந்தால் நெடுநேரம் முன்னரே முடித்திருப்பாள்.

வேண்டுகோள்

நம்மிடையே பெரும் ஓட்டக்காரர் இல்லாமலில்லை. 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் மணி ஜெகதீசன் மூன்று தங்கம் வென்றார். அதே களத்தில் எம். இராஜமணி 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் கோ. சரவணன் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றார். தமிழ்நாட்டில் மா. சுப்பிரமணியன் சாலை விபத்தில் காலில் காயமுற்றவர். பின்னர் நடுவயதைக் கடந்து நூற்றுக்கும் மேற்பட்ட அரை மராத்தான்களை ஓடினார். இவர்களைப் போற்றுவோம். ஆனால் எங்கள் வேண்டுகோள் வெற்றியாளரைப் பற்றியதன்று.

ஆசிரியப் பெருமக்களே, உடற்கல்வி வேளையில் உடலின் பெயர்களைத் தமிழில் சொல்லுங்கள்; கெண்டைக்காலைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டியோடு மாலையில் ஒரு கட்டைத் தொலைவு நடந்து செல்லுங்கள். அமர்ந்து கேட்டால் அவர்கள் மறந்துவிட்டதாகச் சொல்வர். நடக்கும்போது நினைவு வரும். நிரை, மங்கு, ஒட்டுப்பால் என்று அவர்கள் சொல்லும் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்க்கு நடை மருந்து. உங்களுக்குச் சொல் செல்வம்.

மலாக்கா மாநிலத்தில் உள்ள தமிழ்ப்பள்ளிகள் 21. அரை மராத்தானும் 21 கிலோமீட்டரே. ஒவ்வொரு பள்ளியும் தன் சுற்றுவட்டத் தோட்டத்தின் சொற்களைத் தொகுக்குமாயின், ஓராண்டில் நாம் நெடுந்தொலைவு சென்றிருப்போம். வேகமாகச் செல்லவேண்டியதில்லை. ஓட்டமும் நடையுமாகச் செல்லலாம். வழியில் எவரும் அமர்ந்துவிட்டால் நின்று கைகொடுப்போம்.