முகமூடி அழுமா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அடுப்பைக் குறைச்சு வெச்சுட்டு வந்து டி.வி. முன்னால உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

நாடகத்தில் நெஞ்சைத் தொடுவது காட்சியா, சொல்லா? எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "கத்தியைக் காட்டணும், ரத்தத்தைக் காட்டணும், அப்பத்தான் சனங்க அழுவாங்க" என்றார். ஐயா, இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய ஏதென்ஸ் நகரத்துக்கு ஒரு நடை போயிட்டு வருவோம், வாங்க.

மலைச்சரிவில் திறந்தவெளி அரங்கம். பட்டப்பகல். சோக நாடகத்தில் பேசுகிற நடிகர்கள் மூணே பேர். எத்தனை பாத்திரம் வந்தாலும் அவங்களேதான் மாத்தி மாத்தி வேஷம் கட்டணும். ராணி வேஷமும் ஆம்பளைதான். கூடவே ஆடிப்பாட ஒரு குழு. நடிகர், குழுவினர் எல்லார் முகத்திலும் முகமூடி! முகமூடியில கண்ணீர் வருமா நடுவர் அவர்களே? உதடு துடிக்குமா? எதிரணி கேட்கிற குளோசப்புக்கு அங்கே வழியே கிடையாது.

சாவும் பெரும்பாலும் மேடையில் நடக்காது. உள்ளே நடக்கும், தூதுவன் வந்து சொல்லுவான். சோஃபக்ளிஸ் எழுதிய ஈடிபஸ் கதை. தெரியாமல் தகப்பனைக் கொன்றவன், தாயையே மணந்தவன். உண்மை தெரிந்ததும் அவள் தூக்கில் தொங்குகிறாள். அவள் உடையில் இருந்த ஊசிகளைப் பிடுங்கித் தன் கண்களைக் குத்திக்கொள்கிறான். இதில் எதையும் ஜனங்கள் பார்க்கவில்லை. கேட்டார்கள்!

"அப்புறம் அவன் ரத்தக் கண்ணோட வெளியே வர்றானே" என்று எதிரணி துள்ளும். வர்றான், ஒத்துக்கறேன். செத்தவர் உடலைச் சக்கரப் பலகையில் தள்ளிவந்து காட்டுகிற வழக்கமும் இருந்தது. ஆனா அதுக்கு முன்னாலேயே சொல் நம்மைக் குத்தியாச்சே!

கி.மு. 494-ல் ஏதென்ஸுக்கு உறவான மிலீட்டஸ் நகரம் பாரசீகரிடம் விழுந்தது. ஃபிரினிகஸ் என்பவர் அதை நாடகமாக்கினார். அரங்கமே அழுதது. பரிசு கொடுத்தாங்களா? ஆயிரம் திராக்மா அபராதம் போட்டாங்க! நம்ம வீட்டுத் துக்கத்தையே ஞாபகப்படுத்திட்டியேன்னு கோபம். அந்த நாடகத்துக்கும் தடை.

இன்னொருவர் ஈஸ்கிலஸ். பாரசீகரை எதிர்த்து மாரத்தானில் போரிட்டவர். கூடப்பிறந்தவரை அங்கேயே பறிகொடுத்தவர். கி.மு. 480-ல் பாரசீகர்கள் ஏதென்ஸையே எரித்தார்கள். அதே வருஷம் சலாமிஸ் கடற்போரில் தோற்றார்கள். எட்டே வருஷம் கழித்து, அந்தப் போரைப் பற்றி 'பாரசீகர்கள்' நாடகம் போடுகிறார். வெற்றி விழான்னு நினைக்கிறீங்களா? கதை நடப்பது எதிரியின் அரண்மனையில்! அரசனின் தாய், மகன் என்ன ஆனானோன்னு தவிச்சு நிற்கிறாள். மேடையில ஒரு கப்பல் இல்லை, ஒரு கத்திச்சண்டை இல்லை. தூதுவன் வந்து, செத்துப்போன பாரசீக வீரர்களைப் பெயர் பெயராகச் சொல்கிறான். கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தது யாரு? எட்டு வருஷத்துக்கு முன்னால அவங்களோட மோதின அதே ஏதென்ஸ் ஜனங்க!

நடுவர் மணியைத் தேடறார், முடிச்சுடறேன். அந்த வருஷப் போட்டியில் முதல் பரிசு ஈஸ்கிலஸுக்குத்தான்.